குட்டி வந்தாச்சு, ஊசி போட்டாச்சா?

முந்தின வருஷம் ஐப்பசியில் எங்கள் காட்டில் ஒரு குட்டி செத்துப் போனது. கடுவன் குட்டி, பிறந்து எழுபது நாள் இருக்கும். நல்ல மழை பெய்து, கரிசல் செருப்பைப் பிடித்து இழுக்கிற நேரம். குதிரைவாலிக்குள் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. காலையில் வைத்த கஞ்சியை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. சாயங்காலம் ரத்தக் கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை மோந்தவர்களுக்கு மறக்காது. எனக்குத் தெரிந்த கைப்பக்குவம் எல்லாம் செய்தேன். மோரில் மஞ்சள், வேப்பங்கொழுந்து உருண்டை, மாதுளந்தோல் கஷாயம். கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டால் கேட்கிற வைத்தியம்தான், இதுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியக்காலம் மோட்டார் ரூம் வாசலில் விறைத்துக் கிடந்தது.

குட்டி வந்த புதிதில் பக்கத்துக் காட்டு அண்ணாச்சி கேட்டார், "ஊசி கீசி போட்டீகளா?"

"நாங்க இயற்கை விவசாயம் அண்ணாச்சி, ஊசியெல்லாம் கிடையாது."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதே பதிலை நம் கூட்டங்களில் வேறு பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன். யூரியாவை விட்டவன், பூச்சிமருந்தை விட்டவன், நாய்க்குட்டிக்கு ஊசியையும் விட்டுவிட வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே சேர்த்துக்கொண்டேன். ஒரு உயிர் போன பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

அந்தக் குட்டியைக் கொன்றது பார்வோ என்கிற வைரஸ். பின்னால் கால்நடை மருத்துவரிடம் அடையாளம் சொன்னபோது அவர் பாதி கேட்பதற்குள் பேரைச் சொல்லிவிட்டார். இந்த நோய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது, நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. 1978 வாக்கில்தான் இது நாய்களிடம் புது நோயாகக் கண்டறியப்பட்டது. ஒன்றிரண்டு வருஷத்துக்குள் உலகம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. எழுபதுகளுக்கு முன்னால் இந்தப் பூமியில் எந்த நாய்க்கும் அது வந்ததாகப் பதிவு இல்லை. அப்படி என்றால் எங்க அப்பத்தாவின் கைப்பக்குவத்தில் அதற்கு மருந்து எப்படி இருக்கும்? அப்பத்தாவைக் குறை சொல்லவில்லை. அவள் பார்த்தே இராத நோய்க்கு அவளிடம் போய் மருந்து கேட்டது என் தப்பு. பாரம்பரிய அறிவு என்பது பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. பார்க்காததை அதில் தேடக் கூடாது.

நம்முடைய எதிர்ப்பு எதற்கு? மண்ணைக் கொல்கிற உப்புக்கும், தட்டானையும் பொறிவண்டையும் சேர்த்துக் கொல்கிற விஷத்துக்கும். தடுப்பூசி எதையும் கொல்வதில்லை. நோயைச் செயலிழக்க வைத்து, "இவன்தான் திருடன், பார்த்து வைத்துக்கொள்" என்று உடம்புக்கு அடையாளம் காட்டுகிறது. மற்ற வேலையை உடம்பே பார்த்துக்கொள்கிறது. நாம் விதைக்கு பீஜாமிர்தத்தில் விதைநேர்த்தி செய்கிறோம். முளைக்கிற வேரைத் தாக்க வருகிறவனுக்கு முன்னாலேயே வேண்டியவனைக் குடியேற்றி விடுகிறோம். வந்த பிறகு மருந்தடிப்பதைவிட வரும் முன் காப்பது நல்லது என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிற நாம், குட்டி விஷயத்தில் மட்டும் வந்த பிறகு கஷாயம் காய்ச்சுகிறோம்.

"ஒரு ஊசி போட்டேன், அப்படியும் செத்துருச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மையாகவும் இருக்கும். ஏன் என்று மாடு வளர்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். கன்று ஈன்றதும் சீம்பால் குடிக்க விடுகிறோம் இல்லையா, அது போலத் தாய் நாயின் சீம்பாலிலும் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு இறங்குகிறது. அந்தச் சக்தி இருக்கிற வரைக்கும் நோயையும் தடுக்கும், போடுகிற ஊசியையும் வேலை செய்யவிடாது. அது ஒரு குட்டிக்கு ஆறு வாரத்தில் வற்றும், இன்னொன்றுக்கு பன்னிரண்டு வாரம், பதினாலு வாரம் ஆகும். வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று பதினாறு வாரம் வரைக்கும் போடச் சொல்கிறார்கள். வியாபாரத்துக்காக நாலு ஊசியை விற்கிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தக் கூட்டு ஊசிக்குச் செலவு சில நூறு ரூபாய் ஆகும். குளிர்ச்சியில் வைத்திருந்த மருந்தா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் ஐஸ் போட்ட தூக்குவாளியில் எடுத்துப் போங்கள். பைக் பெட்டியில் வைத்து வெயிலில் ஒரு மணி நேரம் கொண்டு போன மருந்து வெறும் தண்ணீர்.

இன்னொன்று. பார்வோ வந்து செத்த இடத்து மண்ணில் அந்த வைரஸ் ஒரு வருஷத்துக்கு மேலேயும் உயிரோடு கிடக்கும். வெயில் நேராகப் படாத நிழலில் இன்னும் அதிகம். நான் ஒரு வருஷத்துக்கு மேலே வேறு குட்டி எடுக்கவே இல்லை. மோட்டார் ரூம் தரையை ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவினேன். ஆமாம், ப்ளீச்சிங் பவுடர்தான். இயற்கை விவசாயி வீட்டில் அதுவா என்று கேட்காதீர்கள். சோப்புக்கும் மஞ்சளுக்கும் அந்த வைரஸ் அசைவதில்லை.

பார்வோ குட்டியைத்தான் கொல்லும். வெறி நோய் நம்மையும் கொல்லும்.

எங்கள் பக்கம் வயசானவர்கள் யாரைக் கேட்டாலும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி கதை ஒன்று இருக்கும். எங்க ஐயா சின்ன வயசில் அதைப் போட்டுக்கொண்டவர். கடித்த வலி மறந்துபோச்சு, ஊசி வலி சாகிற வரைக்கும் மறக்கலை என்பார். 1885இல் பிரான்சில் லூயி பாஸ்டர் ஒன்பது வயசுப் பையனுக்கு முதன்முதலாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். நம் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. அதன்பின் நூறு வருஷத்துக்குப் பக்கத்தில் இந்தியாவில் பெரும்பாலும் போட்டது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. அந்தப் பதினாலு ஊசி அதுதான். 2004 கடைசியோடு நாட்டில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது அரசு மருத்துவமனையில் கையில் போடுகிறார்கள். கடித்த அன்று, பிறகு 3, 7, 28 ஆம் நாள். அவ்வளவுதான், காசும் கிடையாது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் உலகத்தில் வருஷத்துக்கு ஐம்பத்தொன்பதாயிரம் பேர் இதில் சாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நம் நாட்டுப் பங்கு அதில் பெரியது. செத்தவர்களில் எத்தனையோ பேர் கடித்தது குட்டி என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டவர்கள். "பல்லு முளைக்கிற நேரம், செல்லக் கடி" என்று நாமும்தான் சொல்கிறோம். அம்மா யார், எந்த நாய் வந்து மோந்துவிட்டுப் போனது என்று தெரியாத குட்டி, ஊசி போடாத குட்டி, ரத்தம் வருகிற மாதிரிக் கீறினால் அதுவும் கடிதான். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிஷம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், மஞ்சள், எருக்கம்பால் எதையும் அப்பக் கூடாது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் பற்றியும் கேட்க வேண்டும். வெறி நோய் அடையாளம் தெரிந்த பிறகு ஆங்கில வைத்தியத்திலும் மருந்து கிடையாது, நாட்டு வைத்தியத்திலும் கிடையாது. மந்திரிக்கிறவரிடம் ஒரு நாள் தள்ளினால் அந்த ஒரு நாள் திரும்ப வராது.

குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறி நோய் ஊசி போட வேண்டும். அப்புறம் மருத்துவர் சொல்கிற நாளில் ஊக்க ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். நம் ஊர்க் கூட்டத்தில் விதைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிறோமே, அதோடு இதற்கும் ஒரு வரி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

இந்தத் தையில் மறுபடி ஒரு குட்டி எடுத்தேன். கண்மாய்க்கரைக் கருவேலத்துக்கு அடியில் போட்ட ஈத்து. ஐந்தில் மூன்று கடுவன், இரண்டு பொட்டை. கடுவன் மூன்றும் கண் திறந்த உடனே சொல்லி வைத்துப் போயின. பொட்டைகளை ஒருவரும் கேட்கவில்லை. சாக்கில் போட்டு நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் விடப் போவதாகப் பேச்சு வந்தது. மதுரை தூத்துக்குடி ரோட்டில் ராத்திரி ஓடுகிற லாரிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். நான் ஒரு பொட்டையை எடுத்துக்கொண்டேன், இன்னொன்றை என் மதினி வீட்டில் பேசி விட்டேன்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி உத்தரவு போட்டபோது டீக்கடை வரைக்கும் ஒரே வாக்குவாதம். முதலில் எல்லாவற்றையும் பிடித்து அடை என்றது. பிறகு கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடு, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே என்று மாற்றியது. இரண்டு பக்கமும் கத்தினார்கள். ஒருத்தரும் தெருநாய் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. நம் வீட்டிலிருந்துதான் வருகிறது. நாம் வேண்டாம் என்று விட்ட பொட்டைக் குட்டிதான் அடுத்த வருஷம் இரண்டு ஈத்துப் போடுகிறது. பொட்டையை எடுங்கள், ஆறேழு மாதத்தில் மருத்துவரைக் கேட்டுக் கருத்தடை செய்யுங்கள். காவலுக்குக் கடுவனைவிட ஒரு துளியும் குறைச்சல் இல்லை. கூடப்போனால் ஊர் சுற்றாமல் வீட்டில் கிடக்கும்.

இரண்டு மாதம் முடியும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிக்கிறது. முப்பது நாளில் தூக்கிக்கொண்டு வந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடையாது. பிறகு நம் பிள்ளைகள் கையில்தான் படிக்கும். நான் எடுக்கும்போது தாய் படுத்திருந்த பழைய சாக்கையும் கேட்டு வாங்கி வந்தேன். முதல் மூன்று ராத்திரி அந்தச் சாக்குதான் அதற்கு அம்மா. மோட்டார் ரூமில் விடவில்லை. வீட்டுத் திண்ணையில் என் கட்டிலுக்குக் கீழே. அழுதபோது கையைத் தொங்கவிட்டேன், விரலை மோந்துவிட்டுத் தூங்கியது. நாலாம் நாள் அழுகை நின்றுவிட்டது. முதல் ராத்திரியே காட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டு வந்து, "விடிய விடியக் கத்துது, சனியன்" என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால், பறித்த நாற்றை வெயிலில் போட்டுவிட்டு நட்டால் பிடிக்கலையே என்கிற மாதிரித்தான் இருக்கிறது.

தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டால் பத்துப் பதினைந்து நாளில் அதுவே அங்கே போகும். மூக்கைத் தேய்க்கிற வேலை எதற்கும் உதவாது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. கம்மங்கஞ்சியில் அவித்த முட்டை, மோர்ச் சோறு, கிடைக்கிற அன்று முள் நீக்கிய மீன். பசும்பால் நிறைய ஊற்றினால் கழிச்சல் ஆகும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு கூடாது. வெங்காயம் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். நம் பக்கம் சின்ன வெங்காயம் போடாத குழம்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன், மிச்சக் குழம்பை ஊற்றாமல் தனியாக வையுங்கள்.

நம் மாதிரி ஆட்களின் காட்டில் இருக்கிற ஆபத்து வேறு. ரசாயனம் இல்லை, அதனால் குட்டி எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. ஆமணக்குப் புண்ணாக்கை நினைத்துப் பாருங்கள். நாம் உரத்துக்குப் போடுகிறதுதான். அதில் இருக்கிற ரிசின் நாயைக் கொல்கிற விஷம். எலும்புத் தூளோடு கலந்து வைத்தால் வாடைக்கு நாய் தேடி வந்து தின்னும். வேர்க்கடலைப் புண்ணாக்கைத் தின்று பழகின குட்டிக்கு இது வேறு என்று தெரியாது. அக்னி அஸ்திரத்தில் புகையிலை இருக்கிறது. மீன் அமிலம் டப்பா திறந்து கிடந்தால் முதலில் தலையை விடுவது குட்டிதான். வேலியோரத்து அரளி, கண்வலிக் கிழங்கு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி. பக்கத்துக் காட்டில் எலிக்கு வைக்கிற மருந்து நம் கையில் இல்லை. வைக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சொல்கிறார். புண்ணாக்கு மூட்டையை இப்போது பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

உண்ணிக்கு ஒரு வார்த்தை. நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கில்தான் உண்ணி அதிகம். அங்கே பூசி அடைக்காமல் நாயை மட்டும் கழுவிப் பிரயோசனம் இல்லை. மாட்டுக்குத் தெளிக்கிற உண்ணி மருந்தைச் சின்னக் குட்டி மேல் அடித்துவிடாதீர்கள், நக்கியே செத்துவிடும்.

எருக்குழிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. நாய்க் கழிவை மண்புழு உரத்திலோ கீரைப் பாத்திக்குப் போகிற மக்கிலோ சேர்க்காதீர்கள். மாட்டுச் சாணமும் இதுவும் ஒன்றல்ல. குட்டிகள் பெரும்பாலும் தாயிடமிருந்தே வயிற்றில் உருண்டைப் புழுவோடு பிறக்கின்றன. அந்தப் புழுவின் முட்டை மண்ணில் வருஷக் கணக்கில் கிடக்கும். கீரையோடோ, மண்ணில் விளையாடுகிற பிள்ளைகளின் கையோடோ வயிற்றுக்குள் போனால் ஈரலுக்கும் சில நேரம் கண்ணுக்கும் போய்விடும். தனிக் குழி வெட்டிப் புதைப்பதுதான் சரி. குடற்புழு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று மாதம் வரைக்கும், பிறகு ஆறு மாதம் வரைக்கும் மாதம் ஒன்று. வேப்பிலை அரைத்துக் கொடுத்துவிட்டு மருந்து கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

காவல் பற்றிப் பேசாமல் நாயைப் பற்றி எழுதினால் எங்க ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காட்டுப்பன்றியும் மயிலும் படுத்துகிற பாட்டுக்குத்தான் நம்மில் பாதிப் பேர் நாய் தேடுகிறோம். கட்டிப் போட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் காவல் காக்கும் என்கிறார்கள். மிளகாய்ப் பொடி பிசைந்து சோறு போட்டால் ரோஷம் வரும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அறுப்பு முடிந்து எங்கள் காட்டில் கிடை போட வருகிறவர்களின் நாயைக் கவனித்திருக்கிறேன். சங்கிலி கிடையாது. குட்டியாக இருக்கும்போது ஆட்டுக்குட்டிகளைக் கவிழ்த்து வைக்கிற கூட்டுக்குள்ளேயே அதையும் போட்டு வைத்திருப்பார்கள். ஆட்டு வாடையிலேயே வளர்ந்த அது, பெரிசானதும் ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கிறது. நரி வந்தால் எழுந்து நிற்கிறது. யாரும் பழக்கவில்லை, அடிக்கவில்லை.

இதைத்தான் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் புத்தகமாகப் போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்க்கிறதோ, யாரோடு பழகுகிறதோ, அதுதான் அதற்கு உலகம். அந்த நாளில் சங்கிலியையும் சுவரையும் மட்டும் பார்த்த குட்டிக்குப் பிறகு எல்லாமே பயம். பயந்த நாய்தான் கண்டபடி கடிக்கும். திருடனையும் கடிக்கும், தபால்காரரையும் கடிக்கும், விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். காவல் நாய்க்கு ஆள் தெரிய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழக்க வேண்டிய வாரங்களும் ஊசி முழுதாக வேலை செய்யாத வாரங்களும் ஒன்றுதான். வெளியே விட்டால் பார்வோ, விடாவிட்டால் பயங்கொள்ளி. நான் கண்ட வழி, தூக்கிக்கொண்டு போவது. துண்டுக்குள் சுற்றிக் கடைத்தெரு, டிராக்டர் நிற்கிற இடம், களம் எல்லாம் காட்டினேன். தரையில் விடுவது நம் வீட்டு முற்றத்திலும் நம் காட்டிலும் மட்டும். கறிக்கடைப் பக்கமும் தெருநாய் கூடுகிற இடமும் பதினாறு வாரம் முடிகிற வரைக்கும் கிடையாது. கோழிகளை நடுவில் விட்டு நானும் உட்கார்ந்துகொள்வேன். துரத்தினால் "ஏய்" என்று ஒரு சத்தம், சும்மா படுத்திருந்தால் ஒரு துண்டுக் கருவாடு. ஒரு தாய்க்கோழி மூக்கில் கொத்தியது என் பாடம் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது.

நாட்டு நாய் விஷயத்தில் நம் இயக்கத்துக்காரர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் தெற்கத்திச் சீமையின் சொத்து. முதல் இரண்டுக்கும் பேர் கொடுத்த ஊர்களே நம் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்த இனங்களின் பேரைச் சொன்ன பிறகு எங்கள் பக்கம் குட்டி விசாரிக்கிற ஆட்கள் கூடிவிட்டார்கள். காக்க வேண்டியதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்மவர்கள் மாப்பிள்ளைச் சம்பா விதை தேடுகிற மாதிரி பேரைப் பார்த்துத் தேடுகிறார்கள், குணத்தைப் பார்ப்பதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிக்க உருவான நாய்கள். ஓட இடம் வேண்டும், ஓடுகிறதைக் கண்டால் துரத்தும். 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டையே குற்றம். மயிலைப் பிடித்துவிட்டால் கேஸ் நம் மேல்தான். அந்த நாயை மூன்றடிச் சங்கிலியில் கட்டிவிட்டு நாட்டினம் காக்கிறோம் என்றால் என்ன சொல்வது? ராஜபாளையத்தில் தூய வெள்ளையும் ரோஸ் மூக்கும் வேண்டும் என்று உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துக் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. வாங்கப் போனால் குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், எல்லாக் குட்டிகளும் ஒன்றாக இருக்கும்போது அல்ல, தனியாக எடுத்து வைத்துத் தட்டுங்கள். ஒன்று திரும்பினால் காது கேளாததும் சேர்ந்து திரும்பும்.

கண்மாய்க்கரைக் குட்டிக்குப் பேர் இல்லை, தபால்தலை இல்லை. எத்தனை தலைமுறையாக நம் வெயிலையும் நம் பழைய சோற்றையும் தாங்கி நின்ற ரத்தம் அது. அதைவிட நாட்டு ரகம் எது? பத்து ஏக்கர் மானாவாரிக்கு அதன் குரைப்புப் போதும். பன்றியோடு சண்டைக்குப் போகிற வீரம் வேண்டாம், குடல் சரிந்து வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். குரைத்தால் நான் எழுந்து டார்ச் அடித்துக்கொள்கிறேன்.

எங்கள் குட்டிக்கு இப்போது பதினான்கு வாரம். உச்சி வெயிலில் வேப்பமரத்தடியில் கரிசலைப் பறித்துக் குழி போட்டு, வயிற்றை அதில் வைத்துப் படுத்துக்கொள்கிறது. சட்டியில் தண்ணீர் மத்தியானம் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. பல் மாறுகிற காலம் தொடங்கப் போகிறது, தேங்காய் மட்டை ஒன்று கொடுத்திருக்கிறேன், இருந்தும் என் செருப்பு ஒன்றைக் காணோம். கூட்டு ஊசி இரண்டு ஆயிற்று. வெறி நோய் ஊசி போன வாரம் அருப்புக்கோட்டையில் போட்டேன். காட்டுக்கு வந்த அண்ணாச்சி வரப்பில் நின்றபடியே கேட்டார், "இதுக்காச்சும் போட்டீகளா?"

"போட்டாச்சு அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு பாக்கி. வர்ற செவ்வாய்க்கிழமை."